பொருள்: நண்பகலில் நெல் விடும் அம்மோனியா தொடர்பாக

ஸ்ரீவில்லிபுத்தூரில் வட்டார உரத் தேவைச் சான்று அலுவலகம் என்று ஒன்று உண்டு. அதன் வாசல் வேப்பமரத்தடியில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருப்பவன் நான். பெயர் பீர் முகமது. முப்பத்திரண்டு வருடமாகப் பிறருக்கு மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். இந்த அலுவலகம் வந்து நாலு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன்பு இதே கட்டடத்தில் இதே ஆட்கள் வேறு பெயர்ப்பலகைக்குக் கீழே இருந்தார்கள்.

இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்ட தொழில் ரகசியம் ஒன்றே ஒன்று. மனுவில் காரணம் எழுதக் கூடாது. என்ன வேண்டும் என்று ஒரு வரி, 'ஐயா அவர்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு' என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. அவ்வளவுதான். காரணம் என்று ஒன்றை எழுதிவிட்டால் அதை யாராவது படிக்க வேண்டியிருக்கும். படித்தால் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் கோப்பு திறக்கும். திறந்த கோப்பு மூடி நான் பார்த்தது குறைவு.

வன்னியம்பட்டி சோலைராஜ் எழுதிவிட்டார். அவர் எழுதவில்லை, அவர் மகள் எழுதினாள்.

சோலைராஜ் பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து விவசாயம் பார்ப்பவர். இரண்டு ஏக்கர், ஒரு கிணறு. வருடத்துக்கு ஒரு நெல்தான் வைப்பார். வீட்டுக்கு வருடம் பூராவும் சாப்பாட்டு அரிசி அதுதான். எனக்கும் அவருக்கும் உறவு ஒன்றும் கிடையாது. இருந்தாலும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன், எங்கள் பக்கத்தில் முறை வைக்காமல் பேச வராது. பங்குனி மூன்றாம் தேதி, கையில் ஒரு கவரோடு வந்து நின்றார்.

"பாய், பயிரு மஞ்சளிச்சுக்கிட்டு வருது. இன்னும் பதினஞ்சு நாளுல சூல் கட்டிரும். அதுக்குள்ள ரெண்டு மூட்டை யூரியா போட்டாகணும். கடையில கேட்டா ஒரு மூட்டைக்கு மேல வேணும்னா இங்க சான்று வாங்கிட்டு வரச் சொல்லுதான்."

"ஒரு மூட்டையாவது வாங்கிட்டு வந்திருக்கலாம்லா?"

"ரெண்டுக்குக் கேட்டுட்டேன்லா. மிசின்ல ஏறிருச்சாம். இனி ஒண்ணும் தர முடியாதுங்கான்."

கவரை வாங்கிப் பிரித்தேன். மகள் இந்து எழுதியிருந்தாள். அந்தப் பிள்ளை கல்லூரியில் இரண்டாம் வருடம் தாவரவியல் படிக்கிறது. கையெழுத்து அச்சுப் போல இருந்தது. அதுவே எனக்கு நல்லதாகப் படவில்லை.

'பங்குனி வெயிலில் நண்பகல் வேளையில் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. அப்போது கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய நொதி, தவறுதலாக ஆக்சிஜனைப் பிடித்துவிடுகிறது. அந்தத் தவறைப் பயிர் சரிசெய்யும்போது இலைக்குள் அம்மோனியா வெளியாகிறது. வேர் மண்ணிலிருந்து புதிதாக எடுத்துத் தருவதைவிட இது பத்து மடங்கு வரைகூட இருக்கும். பயிர் அதை வீணாக்காமல் உடனே திரும்பப் பிடித்துக்கொள்கிறது. இந்த வேலையைச் செய்யும் நொதிகளுக்கே நைட்ரஜன் தேவை. அது குறைந்ததால் எங்கள் பயிர் களைத்துப்போயிருக்கிறது. ஆகவே இரண்டு மூட்டை யூரியாவுக்குச் சான்று வழங்க வேண்டுகிறேன்.'

"கடேசி வரிய மட்டும் வச்சுக்கிட்டு மத்தத எடுத்துருவோம் மாப்ள."

"ஏன் பாய், பிள்ள தப்பாவா எழுதிருக்கு?"

"சரியாத்தான் எழுதிருக்கு. அதனாலதான் சொல்லுதேன்."

அவருக்குப் புரியவில்லை. மகள் படித்ததில் அவருக்கு இருந்த பெருமையும் அதற்குக் காரணம். இலைக்குள் மூன்று அறை இருக்கிறதாம். ஒரு அறையில் தப்பு நடக்குமாம், அடுத்த அறையில் பாதி சரியாகுமாம், மூன்றாவது அறையில் அம்மோனியா வருமாம், அதைத் திரும்ப முதல் அறைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துக்கொள்ளுமாம். இந்து சொல்லிக் கொடுத்ததை அவர் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார்.

"மூணு அறைக்கும் போய்த் திரும்பி வர எம்புட்டு நாளாகும்?" என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"நாளா? கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ளயாம் பாய்."

மூன்று அறைக்குள் ஒரு காகிதம் போய்வர எவ்வளவு காலம் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாதாடவில்லை. ஒன்றும் எடுக்காமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார்.

மறுநாளே கூப்பிட்டுவிட்டார்கள். அங்கே மறுநாளே கூப்பிட்டால் அது நல்லதற்கு இல்லை. துணைக்கு நானும் போனேன்.

அதிகாரி சேதுபதி நல்ல மனிதர். யாரையும் நிற்க வைத்துப் பேச மாட்டார். உட்கார வைத்துத்தான் மறுப்பார். இந்துவின் மனுவில் இரண்டு வரிகளுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தார்.

"மிஸ்டர் சோலைராஜ், உங்க வயல்ல அம்மோனியா வெளியாகுதுன்னு நீங்களே எழுத்துமூலமா ஒப்புக்கிட்டிருக்கீங்க."

"வெளிய வாரது இல்ல சார். இலைக்குள்ளயே வந்து இலைக்குள்ளயே போயிரும்."

"வெளியாகிறதுன்னுதான் எழுதியிருக்கு. எழுதியிருக்கிறதை வச்சுத்தான் நான் பார்க்க முடியும். இலைக்குள்ள போய்ப் பார்க்க எனக்கு அதிகாரம் இல்லை." சேதுபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டாவது விஷயம். வேர் எடுக்கிறதைவிட பத்து மடங்குன்னு இருக்கு. அப்போ உங்க பயிர்கிட்ட ஏற்கெனவே பத்து மடங்கு இருக்கு. பத்து மடங்கு வச்சிருக்கிறவருக்கு ரெண்டு மூட்டை கொடுத்தா, ஒண்ணுமே இல்லாத விவசாயிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"சார், அது புதுசா வாரது இல்ல. இருக்குறதுதான் சுத்திச் சுத்தி வருது."

"சுத்தி வருதுன்னா நல்லதுதானே. எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான், எதுவும் வெளியே போகாது. எனக்கு உங்க பயிரை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா அம்மோனியான்னு ஒரு வார்த்தை கோப்புல ஏறிட்டா நான் முடிவெடுக்க முடியாது. ராஜபாளையத்துல வாயு வெளியேற்ற ஒழுங்குமுறைப் பிரிவு இருக்கு. அவங்க தடையில்லாச் சான்று கொடுக்கட்டும். மறுநிமிஷம் கையெழுத்துப் போடுறேன்."

வெளியே வந்ததும் சோலைராஜ் கேட்டார். "பாய், அவரு தாரேன்னு சொல்லுதாரா, தர மாட்டேன்னு சொல்லுதாரா?"

முப்பத்திரண்டு வருடத்தில் அதைக் கண்டுபிடிக்க என்னாலும் முடியவில்லை என்று சொன்னேன்.

ராஜபாளையம் பிரிவு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. கோப்பு அங்கே போய்ச் சேர ஐந்து நாள் ஆனது. பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம். நடுவில் பங்குனி உத்திரம் வந்தது, ஆண்டாள் கல்யாணத்துக்குப் பாதிப் பேர் போய்விட்டார்கள் என்பதைக் கணக்கில் எடுத்தாலும் கோப்பு நடந்தே போயிருக்கலாம்.

அங்கே அதிகாரி ஆனந்தவல்லி அம்மாள். அவர் ஒன்பது பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். ஆலைகளுக்கென்று அச்சடித்த படிவம், பயிருக்குத் தனிப் படிவம் கிடையாதாம். நானே உட்கார்ந்து நிரப்பினேன். ஆலையின் பெயர் என்ற இடத்தில் நெல் என்று எழுதினேன். உற்பத்தி நேரம்: சூரியன் உதித்து மறையும் வரை. இரவு ஷிப்ட்: இல்லை. புகைபோக்கிகளின் எண்ணிக்கை என்ற கேள்வியில் நின்றுவிட்டேன். சோலைராஜ் இந்துவுக்குப் போன் போட்டார். ஒரு இலையிலேயே லட்சக்கணக்கில் துளைகள் இருக்கும் என்றாள். அதையும் அவர் அப்படியே எழுதச் சொன்னார். ராணுவத்தில் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லிப் பழகிவிட்ட மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

ஆனந்தவல்லி அம்மாள் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"என் சர்வீஸ்ல இத்தனை புகைபோக்கி உள்ள யூனிட்டை நான் பார்த்ததே இல்லை. இதுவரைக்கும் பதிவு பண்ணாம எப்படி ஓட்டுனீங்க?"

"எங்க பாட்டன் காலத்துல இருந்து ஓடுதும்மா," என்றார் சோலைராஜ்.

அதையும் குறித்துக்கொண்டார்.

ஆய்வுக்கு வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள். அம்மோனியா வருவது உச்சி வெயிலில் என்று மனுவிலேயே இருக்கிறது. ஆனால் ஒன்றிலிருந்து இரண்டு வரை அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம். சாப்பிட்டதும் கிளம்ப முடியாது. அதனால் ஜீப் வன்னியம்பட்டிக்கு வந்தபோது மணி நாலே முக்கால். நாலு பேர் முகமூடியோடு இறங்கினார்கள். ஐந்தாவதாக ஒரு நாய் இறங்கியது. வெள்ளை வெளேர் என்று, மூக்கு ரோஸ் நிறத்தில், அசல் ராஜபாளையம் நாய்.

"வாயு மோப்பம் பிடிக்க," என்றார் ஆனந்தவல்லி அம்மாள். "உள்ளூர் வளங்களைப் பயன்படுத்தணும்னு சுற்றறிக்கை இருக்கு."

ராஜபாளையம் நாய் கண்ணால் பார்த்து விரட்டும் ஜாதி. மோப்பம் அதன் வேலை இல்லை என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் சொல்ல வாயெடுத்தேன். சோலைராஜின் மனைவி செல்லத்தாய் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பேசாம இருங்கண்ணே. நீங்க சொன்னா அதையும் எழுதுவாக."

நாய் வரப்பில் செத்த நேரம் நின்றது. பக்கத்து வயலில் ஒரு மயில் தலை தூக்கியது. அவ்வளவுதான், நாய் பயிருக்குள் பாய்ந்து குறுக்கே ஓடிப்போய்விட்டது. பின்னாலேயே முகமூடி போட்ட இரண்டு பேர் ஓடினார்கள். மயில் பறந்துவிட்டது. மிதிபட்ட பயிரைச் செல்லத்தாய் குனிந்து நிமிர்த்திவிட்டுக்கொண்டே போனாள். நாய் கிடைத்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது.

ஆய்வறிக்கை நாலு நாளில் வந்தது. அதில் மூன்று முடிவுகள் இருந்தன. ஆய்வு நேரத்தில் வாயு எதுவும் காணப்படவில்லை, ஆகவே அதிகாரிகள் வருவது தெரிந்து உற்பத்தி முன்கூட்டியே நிறுத்தப்பட்டிருக்கிறது. நாய் மிரண்டு ஓடியதால் வாயு இருந்தது உறுதியாகிறது. வெளியாகும் அம்மோனியாவைத் திரும்பப் பிடிக்கும் சாதனம் எதையும் மனுதாரர் காட்டவில்லை.

"இலைதான் சாதனம்னு சொன்னேன் பாய்," என்றார் சோலைராஜ். "அத எழுதல."

"இலைக்குப் பில் இருக்கான்னு கேட்டிருப்பாகளே?"

"ஆமா. கேட்டாக."

அறிக்கையோடு ஒரு ஆணையும் இருந்தது. திரும்பப் பிடிக்கும் சாதனம் பொருத்தப்படும் வரை, தினமும் காலை பதினொன்று முதல் மூன்று மணி வரை பயிர் வெயில் வாங்குவதை மனுதாரர் நிறுத்தி வைக்க வேண்டும். அப்படி நிறுத்தியதற்குப் பத்து நாள் புகைப்பட ஆதாரம் தந்தால் தடையில்லாச் சான்று பரிசீலிக்கப்படும்.

வேறு யாராக இருந்தாலும் அந்தக் காகிதத்தில் வடை மடித்திருப்பார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். பக்கத்து வயல்காரரிடம் அரை மூட்டை கைமாற்றாக வாங்கிப் போடுங்கள் என்றும் சொன்னேன். சோலைராஜ் ஆணைக்குக் கீழ்ப்படிந்தே பதினேழு வருடம் வாழ்ந்தவர். ஆணையில் முத்திரை இருந்தது. அவர் பச்சை வலை வாடகைக்கு எடுத்து வந்தார். போதாததற்குத் தார்ப்பாய், பழைய பந்தல் துணி, செல்லத்தாயின் புடவைகள். இரண்டு ஏக்கருக்கும் கம்பு நட்டுக் கட்டினார். பதினோரு மணிக்கு மூடுவார், மூன்று மணிக்குத் திறப்பார், இடையில் படம் எடுத்து அனுப்புவார்.

"பயிரு என்ன பிரியாணி அண்டாவா, தம் போட்டு மூடி வைக்கதுக்கு?" என்று செல்லத்தாய் என்னிடம் கேட்டாள். "நீங்களாவது சொல்லக் கூடாதாண்ணே?"

"சொன்னேன் தாயி."

"நல்லாச் சொல்லியிருக்கணும்."

அவள் சொன்னது சரி. நான் நல்லாச் சொல்லவில்லை. எனக்கு அலுத்துப்போயிருந்தது. தினமும் இருபது பேருக்கு எழுதுகிறவன், ஒருவருக்காக உள்ளே போய்ச் சத்தம் போட்டால் மறுநாள் என் மேசை வேப்பமரத்தடியில் இருக்காது. அந்தப் பயமும் இருந்தது. அதை இப்போது சொல்வதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பத்து நாளுக்குள் ராஜபாளையம் மண்டபத்தில் ஒரு விழா நடந்தது. நைட்ரஜன் விழிப்புணர்வு முகாம் என்று பெயர். முன்னோடி விவசாயி என்று சொல்லிச் சோலைராஜை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். செல்லத்தாயும் இந்துவும் பின்னால் இருந்தார்கள். மேடையில் சேதுபதி பேசினார்.

"ஒரு சாதாரண நெல் இலையைப் பாருங்கள். தினமும் தவறு செய்கிறது. கரியமில வாயுவைப் பிடிக்கச் சொன்னால் ஆக்சிஜனைப் பிடிக்கிறது. செய்த தவறை அதே இடத்தில், அதே நேரத்தில், யாரிடமும் அனுமதி வாங்காமல் தானே சரிசெய்துகொள்கிறது. இது எவ்வளவு ஆபத்தான போக்கு என்று எண்ணிப் பாருங்கள். நமது அலுவலகத்தில் ஒரு தவறு நடந்தால் அதை யாரும் அவசரப்பட்டுச் சரிசெய்வதில்லை. முதலில் தவறு நடக்கவில்லை என்று பதில் தருகிறோம். பிறகு குழு அமைக்கிறோம். குழுவின் அறிக்கை வருவதற்குள் தவறே பழகிவிடுகிறது. இந்தப் பொறுமை பயிர்களிடம் இல்லை."

கை தட்டினார்கள். மைக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேலும் சொன்னார்.

"இன்னொன்று. பயிர் ஒரு சிட்டிகை நைட்ரஜனைக்கூட வெளியே விடாமல் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது. இவ்வளவு சிக்கனமான பயிருக்கு எதற்கு உரம்? இந்த வட்டாரத்தில் உரத் தேவையே இல்லை என்று காட்டினால் நமது அலுவலகம் மாநிலத்தில் முதலிடம் பெறும். தேவை இல்லாத உரத்துக்குத் தேவைச் சான்று வழங்கும் பணியை நாம் மேலும் விரிவாக்குவோம்."

இந்து எழுந்து நின்றாள். "சார், அம்மோனியாவத் திரும்பப் பிடிக்கிற நொதியே நைட்ரஜன்ல செஞ்சதுதான். கதிர் கட்டும்போது பயிருக்குப் புது நைட்ரஜன் வேணும். பழசையே சுத்தவிட்டு நெல் மணி எப்படி சார் வரும்?"

"நல்ல கேள்வி," என்றார் சேதுபதி. "எழுதிக் கொடும்மா."

செல்லத்தாய் மகளின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். எழுந்திருக்காமலே, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஒரே வாளித் தண்ணிய பத்து தடவ ஊத்தி எடுத்தா பத்து வாளி ஆயிருமாக்கும். இத யாரு அவியளுக்கு எழுதிக் குடுக்க?"

பத்து நாள் படமும் போய்ச் சேர்ந்தது. பதினோராம் நாள், படத்தில் பயிர் தெரியவில்லை, வலைதான் தெரிகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மூடிய பயிர் எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, திறந்து வைத்து எடுக்கும்படி சொன்னார்கள். திறந்து எடுத்து அனுப்பினார். ஆணையை மீறிப் பயிரை வெயிலில் காட்டியதற்கு விளக்கம் கேட்டு வந்தது. அந்த விளக்கத்தை நான்தான் எழுதினேன். காரணம் எதுவும் எழுதவில்லை. வருந்துகிறேன் என்று ஒரே வரி. அது உடனே ஏற்கப்பட்டது.

அதற்குள் சித்திரை பிறந்து பத்து நாள் ஆகிவிட்டது. கதிர் வந்தது. வந்த கதிரை ஒரு நாள் சோலைராஜ் பறித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கையால் உருவிப் பார்த்தேன். பத்து நெல்மணியில் எட்டு பதர். ஊதினால் பறந்தது. இலை வைக்கோல் நிறத்துக்குப் போயிருந்தது. இரண்டு ஏக்கரில் வீட்டுக்கு மூன்று மாதத்துக்குக் கூட அரிசி தேறாது.

அவர் கதிரை மேசையிலேயே விட்டுவிட்டு டீ வாங்கி வந்தார், எனக்கும் சேர்த்து.

வைகாசி முதல் வாரம் அவர் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று என்னிடம் நீட்டினார். உரக்கப் படித்தேன்.

'தங்கள் வயலில் பயிர் முழுவதும் காய்ந்துவிட்டதால் அம்மோனியா வெளியேற்றம் அறவே நின்றுவிட்டது தெரியவருகிறது. தடையில்லாச் சான்று வழங்கப்படுகிறது. இரண்டு மூட்டை யூரியாவுக்கான தேவைச் சான்றும் இத்துடன் ஒப்புதல் ஆகிறது. சான்று ஏழு நாள் செல்லும். தங்கள் மனு தீர்வு செய்யப்பட்டது.'

"ரெண்டு மூட்டையும் தந்துட்டானா?" என்றார்.

"தந்துட்டான் மாப்ள."

"எதுல போட பாய்?"

நான் மேசையின் மேல் இருந்த காகிதங்களை எடுத்து அடுக்கினேன். ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

அப்போதுதான் மேசையில் இருந்த அவர் போன் அடித்தது. நான் தெரியாமல் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டேன். குறைதீர்ப்பு மையத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை பேசியது. வெங்கடேஸ்வரி என்று பெயர் சொன்னது. நல்ல மரியாதையான குரல்.

"வணக்கம் சார். உங்க மனு தீர்க்கப்பட்டிருக்கு. உங்களுக்குத் திருப்தியா, திருப்தி இல்லையா? இல்லைன்னு சொன்னீங்கன்னா மனுவைத் திரும்பத் திறந்து அதே அலுவலகத்துக்கு அனுப்பிடுவோம் சார்."

சோலைராஜ் அலுவலகத்தின் மாடி ஜன்னலை ஒரு தடவை பார்த்தார். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"திருப்திதாம்மா."

"நன்றி சார். ஒரே ஒரு கேள்வி. திருப்திக்கு என்ன காரணம்னு பதிவு பண்ணணும். சொல்ல முடியுமா?"

அவர் என்னைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடத்தில் நான் சொன்ன பேச்சை முழுசாகக் கேட்ட முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். அந்த நிமிஷம் அவர் அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

"காரணமெல்லாம் ஒண்ணும் எழுதிக்கிடாத தாயி," என்றார்.